அந்த ஊர்ப் பெருமான் உண்ணும் அன்னம்

மாசி மகத்தன்று எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு விருந்தினராக வருபவர்கள் தெய்வங்களே. மயிலம் முருகப்பெருமானும், தீவனூர் விநாயகரும், திண்டிவனம் சீனிவாசப் பெருமாளும், சுற்றுவட்டாரத் திருக்கோயில்களின் உற்சவ மூர்த்திகள் பலரும் தீர்த்தவாரிக்காக இங்கே எழுந்தருளுகிறார்கள். வரும் வழியில் அந்தந்த ஊரார் பக்தியோடு படைப்பதை ஏற்று அருள்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வரும் இறைவன் அவ்வாறிருக்க, யாத்திரை செல்லும் நாம் மட்டும் போகுமிடமெல்லாம் நம் வீட்டு ரசத்தையே தேடலாமா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

திருவரங்கத்தைப் பாருங்கள். அரங்கன் டில்லி சென்று மீண்ட வரலாற்றை ஒட்டி, துலுக்க நாச்சியார் சன்னிதியில் ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனமாகின்றன. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கோ மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வேகவைத்த இட்டலி. ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு மூர்த்தி, ஒரு தீர்த்தம் இருப்பதுபோல் ஒரு சுவையும் உண்டு. அதைத் தவிர்த்துத் திரும்பினால் தரிசனத்தில் ஒரு சிறு பகுதி விடுபட்டதாகவே எனக்குத் தோன்றும்.

ஆயினும், உடன் வருகிற எல்லோருடைய நாவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இதனைப் பூரி யாத்திரையில் கண்கூடாகக் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரியிலிருந்து புவனேஸ்வரம் செல்லும் வாராந்தர விரைவு ரயிலில் நாங்கள் நால்வர் புறப்பட்டோம். நான், என் துணைவி, எழுபது வயதைக் கடந்த என் தமக்கையார், எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெரியவர். தாமே சமைத்ததையன்றிப் பிறர் சமைத்ததை உண்ணாத நியமம் உடையவர் அப்பெரியவர். ஊறவைத்து உண்ண அவலும் வெல்லமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தமக்கையாருக்கு நியமம் ஒன்றும் இல்லை, அச்சம்தான். புளியும் மிளகாயும் பழகிய நாவுக்கு வேறெதுவும் இறங்காது. கொண்டுவந்த புளிச்சோறு முதல் இரவோடு தீர்ந்தது. மறுநாள் ரயிலில் கிடைத்த பருப்பையும் சோற்றையும், “இதில் புளியே இல்லையே தம்பி” என்று ஒதுக்கிவிட்டார். சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். மாலையில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது; கைகள் நடுங்கின. அருகிலிருந்த ஒடியக் குடும்பத்தார் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுக்க, சிறிது நேரத்தில் தெளிந்தார். வயதானவர்களுக்கு உணவு மறுப்பு எத்தனை பெரிய ஆபத்தாகக்கூடும் என்பது அப்போது எங்கள் அனைவருக்கும் விளங்கியது.

மறுநாள் காலை, அவரை விடுதியில் இட்டலி உண்ணச் செய்த பின்னரே ஜகந்நாதரைத் தரிசிக்க அழைத்துச் சென்றோம். அங்கே கோயிலின் அன்னம் நிவேதனம் முடிந்த பிறகுதான் கிடைக்கும், பிற்பகல் ஆகிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மண்பானைகளில், விறகுத் தீயில் அது சமைக்கப்படுகிறது. வெங்காயம், பூண்டு மட்டுமன்றி உருளைக்கிழங்கும் தக்காளியும்கூட அங்கே சேர்ப்பதில்லை. ஜகந்நாதருக்குப் படைத்து, பின்னர் விமலா தேவிக்குப் படைத்த பிறகே அது மகாபிரசாதம் என்னும் பெயர் பெறுகிறது. பிராகாரத்தில் உள்ள ஆனந்த பஜாரில் அதை வாங்கி, சாதி பேதமின்றி எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்பது தலைமுறைகளாக வரும் வழக்கம்.

நான் பருப்போடு பூசணியும் வாழைக்காயும் குழைந்த தால்மாவை விரும்பி உண்டேன். அதன் இதமான இனிப்பும் நெய்மணமும் இன்றும் நினைவிலுள்ளன. தமக்கையாரோ இலையைத் தொடவில்லை. அப்போது என் துணைவி வேறொரு பானையிலிருந்து சிறிதளவு எடுத்து அவர்முன் வைத்தாள். நீரில் ஊறிய சோறு. தயிரும் இஞ்சியும் சீரகமும் சேர்ந்தது. ஒடிய மக்கள் அதைப் பகாளா என்கிறார்கள். ஒரு வாய் வைத்ததும் தமக்கையாரின் முகம் மலர்ந்தது. “இது நம்ம பழைய சோறு அல்லவா! சுவாமி இதையுமா சாப்பிடுகிறார்?” என்றார். கண்கள் கலங்கின. அதன்பின் தால்மாவையும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். பெரியவர் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி, ஒரு பருக்கை மட்டும் வாயிலிட்டுத் தம் அவலுக்குத் திரும்பினார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை. நியமம் என்பதும் இறைவனுக்குச் செய்யும் ஒரு தொண்டுதானே!

புதிய சுவையை விரும்புகிறவருக்கு ஒரு கடமை உண்டு. தயங்குகிறவரை நகைத்தும் பயனில்லை, அதட்டியும் பயனில்லை. புதியதற்குள் ஒளிந்திருக்கும் பழகிய ஒன்றைத் தேடி எடுத்து அவர்முன் வைக்க வேண்டும். சோறும் தயிரும் பருப்பும் பாரத தேசத்தின் எந்தத் தலத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கவே செய்கின்றன. தயங்குகிறவர்க்கும் ஒரு வேண்டுகோள்: பிரசாதத்துக்கு அளவு இல்லை, விரல் நுனியளவும் பிரசாதமே. அதை ஏற்றுக்கொண்டு, மீதிப் பசிக்குப் பழகிய உணவை உண்பதில் குறையொன்றுமில்லை. நீரிழிவு உள்ளவர்கள் வேளை தவறாமல் உண்ண ஏதேனும் கையில் வைத்திருப்பது அவசியம். இனிப்புப் பிரசாதங்களில் மருத்துவர் சொன்ன அளவை மீறவும் வேண்டாம்.

அடுத்த யாத்திரைக்குப் புறப்படுமுன், அந்தத் தலத்தின் நடை திறக்கும் நேரத்தை விசாரிப்பதுபோல், அங்குள்ள பெருமானுக்கு என்ன படைக்கிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடன் வருகிற முதியவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் உணவின்மீதுள்ள அச்சம் பாதி குறைந்துவிடும். மீதியை அந்தப் பெருமானே பார்த்துக்கொள்வான்.