பிழை எங்கே இருந்தது?

பிழையைத் தேடுவதும் பிழை செய்தவரைத் தேடுவதும் ஒன்றென்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். கல்லூரியில் இருபது ஆண்டுகளாகச் சரித்திரம் கற்பித்துவரும் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற மாரிகாலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எம் வீட்டுக் கணினி அவ்வெண்ணத்தைத் திருத்தியது.

முதல்நாள் இரவு இடியும் மின்னலுமாக மழை பொழிந்தது. இடி முழங்கினால் மின்கருவிகளின் இணைப்பைக் கழற்றிவிடுவது எம் வழக்கம். அன்றிரவும் கணினியின் பிளக்கை நாமே கழற்றினோம், ரவுட்டரையும் நிறுத்தினோம். விடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி பொருத்தினோம்.

அன்று பிற்பகல், தவணைப் பரீட்சைக்கென நாம் தயாரித்த வினாத்தாளை மின்னஞ்சலில் அனுப்ப அமர்ந்தோம். அன்றிரவுக்குள் அது சக ஆசிரியரின் கையிற் சேரவேண்டும். கணினி இயங்கிற்று, அஞ்சற் பக்கம் மாத்திரம் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஓர் ஆங்கில அறிவித்தல் தோன்றியது. ‘இணைப்பு’ என்று பொருள்படும் சொல் அதன் தலைப்பிலே தென்பட்டதும், இணைப்பு அறுந்துவிட்டதென்று முடிவு கட்டி அதனை மூடிவிட்டோம். மற்றொரு பக்கத்தைத் திறந்தோம். அங்கும் அதே கதை.

பதினான்கு வயதான எம் மகன் அன்று காலையிற் கணினியின் முன் அமர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவனை அழைத்தோம்.

“காலமை இதில என்ன செய்தனி?”

“நான் ஒண்டும் செய்யேல்லை அப்பா. எனக்கும் ஒண்டும் திறக்கேல்லை. மணிக்கூடும் பிழையாய் நிக்குது...”

“சாட்டுச் சொல்லாதை! மணிக்கூட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவன் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எம் முகத்தைப் பார்த்துவிட்டு மௌனமாக அறைக்குட் சென்றான். அதன்பின், இணைய வசதி தரும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொண்டோம். மறுமுனையிற் பேசிய பெண்மணி, தமது பக்கத்தில் யாதொரு தடையும் இல்லையென்று பொறுமையோடு கூறினார். அதனையும் நாம் நம்பவில்லை.

ஈற்றில், பேராதனையிற் பொறியியல் பயிலும் மூத்த மகளுக்குத் தொலைபேசி எடுத்தோம். யார் கெடுத்தது என்று அவள் கேட்கவேயில்லை.

“அம்மாவின்ர போன் வீட்டு வைஃபையில வேலை செய்யுதோ அப்பா?” என்பதே அவளது முதற் கேள்வி.

பார்த்தோம், குறைவின்றி வேலை செய்தது. அந்த ஒரு விடை, தேடவேண்டிய நிலத்திற் பெரும்பகுதியைக் கழித்துவிட்டது. வெளியே செல்லும் கம்பியும் நலம், ரவுட்டரும் நலம், நிறுவனமும் குற்றமற்றது. பிழை கணினியிலேயே இருத்தல் வேண்டும். சற்றுமுன் தொலைபேசியில் நாம் உதிர்த்த சொற்கள் எம்மையே சுட்டன.

அதன்பின் அவள் படிப்படியாக வழிநடத்தினாள். வீட்டிலிருந்து படலை, படலையிலிருந்து ஒழுங்கை, ஒழுங்கையிலிருந்து பெருந்தெரு என்று நடப்பதுபோல, கிட்ட இருப்பதை முதலிற் பார்த்துப் பின்னரே தூரத்தைப் பார்க்கவேண்டும் என்றாள்.

முதலாவது, கணினிக்கு விலாசம் கிடைத்திருக்கின்றதா? கறுப்புத் திரையொன்றில் ‘ஐ.பி.கொன்பிக்’ என்னும் கட்டளையைத் தட்டச்சுச் செய்தோம். 192.168 என்று தொடங்கும் எண் வந்தது. இது ரவுட்டர் வழங்கிய விலாசம். அங்கே 169.254 என்று தொடங்கும் எண் வந்திருந்தால், விலாசம் கொடுப்பாரின்றிக் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டதென்று கொள்ளலாமாம்.

இரண்டாவது, ரவுட்டர் பதில் தருகின்றதா? இதற்குப் ‘பிங்’ என்றொரு கட்டளை உண்டு. 1983 ஆம் ஆண்டு டிசெம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் இதனை ஆக்கினார். நீர்மூழ்கிகளைத் தேடும் கருவி ஒலி எழுப்பி, எதிரொலிக்குக் காத்திருக்குமல்லவா? அந்த ஒலியின் பெயரையே இதற்கும் வைத்தார். நாமும் கூவினோம்; ரவுட்டர் எதிர்க்குரல் கொடுத்தது. மூன்றாவதாக, கூகிள் நிறுவனத்தின் 8.8.8.8 என்ற தொலைதூர எண்ணை நோக்கிக் கூவினோம். அங்கிருந்தும் பதில் வந்தது.

நான்காவது, பெயர்கள் எண்களாக மாறுகின்றனவா? நாம் தளங்களைப் பெயரால் அழைக்கின்றோம். கணினிகளோ எண்களால் அறிகின்றன. பெயரை எண்ணாக்கித் தரும் ஏற்பாட்டினை 1983 இல் வகுத்தவர் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர். இவ்வேற்பாடு பழுதுபட்டால், பாதை திறந்திருந்தும் வீடு கண்டுபிடிக்க முடியாது. அதுவும் ஒழுங்காகவே இருந்தது.

“அப்ப இணைப்பிலை பிழையில்லை அப்பா. திரையில என்ன எழுதியிருக்கெண்டு கடைசிவரை வாசியுங்கோ.”

வினாவை முழுவதும் வாசித்த பின்னரே விடை எழுதுங்கள் என்று மாணவருக்கு நாள்தோறும் உபதேசிக்கும் நாம், அப்பொழுதுதான் அந்த அறிவித்தலை முழுவதும் வாசித்தோம். இணைப்பு இல்லையென்று அது கூறவேயில்லை. இணைப்பு பாதுகாப்பானதன்று என்றே கூறியது. அதன் கீழே, கணினியின் திகதி 2012 ஜனவரி 1 என்று காட்டுவதாகச் சிறிய எழுத்திற் கிடந்தது.

மகன் சொன்னது இதனைத்தான்.

காரணத்தை மகள் விளக்கினாள். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஓர் அத்தாட்சிப் பத்திரம் வைத்திருக்கின்றது. அது செல்லுபடியாகத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் அதிற் குறிக்கப்பட்டிருக்கும். 2012 இல் நிற்கும் கணினிக்கு இவ்வாண்டின் பத்திரம் இன்னும் பிறவாத ஒன்று. ஆகவே அதனை ஏற்க மறுக்கின்றது. கைத்தொலைபேசியின் திகதி சரியாக இருந்தமையால் அதற்குத் தடையில்லை. மின்சாரம் அற்றபோதும் கணினியின் மணிக்கூட்டை ஓடச்செய்வது உள்ளேயிருக்கும் ஒரு சிறு பற்றறி. எம் கணினி முதுமையடைந்தது. அதன் பற்றறி செத்துப் பல நாளாயிருக்கலாம். பிளக் பூட்டியபடியே இருந்தவரையில் அது வெளித்தெரியவில்லை. பிளக்கைக் கழற்றிய இரவில் மணிக்கூடு பழைய காலத்துக்குப் போய்விட்டது.

கழற்றியவர் யார்? நாமே.

திகதியைத் திருத்தினோம், அஞ்சற் பக்கம் உடனே திறந்தது. வினாத்தாள் போய்ச் சேர்ந்தது. மறுநாள் சி.ஆர். 2032 என்னும் பற்றறியை வாங்கினோம். குறுக்களவு 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர், அந்த அளவுகளே அதன் எண்ணாகவும் அமைந்துள்ளன. நாணயம் போன்ற அந்தச் சிறு வட்டத்துக்காக நாம் இரண்டு பேர்மீது பழி சுமத்தியிருந்தோம்.

நிறுவனத்துப் பெண்மணியின் பெயரை நாம் கேட்டுவைக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லாது போயிற்று. மகன் அடுத்த அறையில் இருந்தான். தந்தை மகனிடம் மன்னிப்புக் கேட்பது எம் குடும்பங்களில் அரிது. வாசலிற் சிறிது நேரம் நின்றபின், “தம்பி, நீ சொன்னதுதான் சரி. கேளாமல் ஏசினது என்ர பிழை” என்றோம். அவன் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. “பரவாயில்லை” என்றான். ஆயினும், பற்றறியை மாற்றும்போது தானே வந்து விளக்குப் பிடித்தான்.

சாட்சியை விசாரியாது தீர்ப்பளித்த மன்னர்களை வகுப்பிலே நாம் எத்தனையோ முறை கண்டித்திருக்கின்றோம். எம் வீட்டிலும் ஒரு சாட்சி இருந்தது. அதன் வாயை முதலில் மூடியவர்கள் நாமே.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஒன்று சொல்வோம். இணையம் நின்றால், திரையில் உள்ளதை இறுதிவரை வாசியுங்கள். வேறொரு கருவியிற் சோதியுங்கள். கிட்ட இருப்பதிலிருந்து தூரத்துக்குச் செல்லுங்கள். அதற்கும் முன்னதாக, பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஏதேனும் சொல்ல வந்தால், அதனைச் சொல்லி முடிக்க விடுங்கள்.