திருகிச் செருகும் பிடிப்பு

இறகுப்பந்தாட்டத்துக்குப் பெயர் கொடுத்த பாட்மின்டன் மாளிகை இங்கிலாந்தின் மேற்கே, கிளாஸ்டர்ஷயர் ஜில்லாவில், கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் புல்வெளிகளுக்கு நடுவே இருக்கிறது. 1949-ஆம் ஆண்டு முதல் அந்தப் புல்வெளியில் வசந்த காலத்தில் ஒரு குதிரைப் பந்தயம் நடந்து வருகிறது. பந்தயம் என்பதைவிடப் பரீட்சை என்று சொல்வதே அதற்குப் பொருந்தும். ஒரே குதிரையும் ஒரே சவாரிக்காரரும் முதலில் அடி பிசகாத நடையழகைக் காட்ட வேண்டும். பிறகு மேடும் பள்ளமும் குட்டையும் கடந்து, இடித்தாலும் அசையாத மரத்தடைகளைத் தாண்டித் தாண்டி, ஏறக்குறைய நான்கு மைல் ஓட வேண்டும். இறுதியில், தொட்டால் விழுந்துவிடும் தடிகளைத் தள்ளாமல் தாண்டிக் காட்ட வேண்டும். நடுவிலுள்ள ஓட்டத்துக்கு விதித்திருக்கும் வேகம் நிமிஷத்துக்கு 570 மீட்டர். அந்த வேகத்தில், அரை டன் எடையுள்ள ஒரு ஜீவன் தடையைத் தாண்டி இறங்கும் க்ஷணத்தில், தன் பாரம் முழுவதையும் ஒற்றை முன்னங்காலில் ஏந்துகிறது. அந்தக் கால் ஊன்றும் இடமோ முதல் நாள் மழையில் ஊறிய புல். அங்கே அது சறுக்காதிருக்க மனிதன் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு என்ன என்று பார்க்கும் ஆவலே என்னை அந்த ஜில்லாவிலுள்ள ஒரு லாடக்காரரின் பட்டறைக்கு அழைத்துச் சென்றது.

பட்டறை என்றதும் துருத்தியும் கரிப்புகையும் நினைவுக்கு வரும். அவையெல்லாம் போய்விட்டன. அங்குள்ள லாடக்காரர்களில் பெரும்பாலோர் இப்போது ஒரு மூடுவண்டியின் பின்பக்கத்தில் வாயு அடுப்பையும் பட்டடைக் கல்லையும் ஏற்றிக்கொண்டு லாயம் லாயமாகப் போய் வேலை செய்கிறவர்களே. நான் பார்க்கப் போனவரும் அப்படித்தான்; ஆயினும், கிராமத்துப் பழைய கொல்லுக்கூடத்தை அவர் விட்டுவிடவில்லை. துளையிடும் யந்திரமும், அளவுவாரியாகச் சுவரில் தொங்கும் லாடங்களும், குளம்புச் சீவல்களுக்காகவே வாசலில் காவல் கிடக்கும் ஒரு கிழட்டு நாயுமாக அந்த இடம் இன்றும் தொழிலுக்கு லாயக்காகவே இருக்கிறது. அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரையும்போல அவருக்கும் முதுகு வலி நிரந்தர சொத்து. அவரிடம் தொழில் பழகும் ஒரு பெண், இருபது வயது சொல்லலாம், இரண்டு தொடைக்கும் தனித்தனியாகப் பிளந்த தோல் முன்னாடையைக் கட்டிக்கொண்டு உடன் நின்றாள்.

நம் ஊரில் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, ஒருவர் கழுத்தை அமுக்கிக்கொள்ள மற்றொருவர் லாடம் அடிப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு பெரிய குதிரை தானாகவே காலைத் தூக்கி ஒரு மனிதரின் முழங்கால்களுக்கிடையில் கொடுத்துவிட்டு, மூன்று காலில் நின்றபடி அரைத் தூக்கத்தில் ஆழ்ந்துவிடுவது ஆச்சரியமாகவே இருக்கும். அவர் பழைய லாடத்தைக் குறட்டால் நெம்பி எடுத்தார். வளர்ந்த குளம்பை வெட்டி, நீண்ட அரத்தால் சமப்படுத்தினார். வாயு அடுப்பிலிருந்து புதிய லாடத்தை எடுத்து, அதன் செம்மை மங்கிய பிறகு குளம்பின்மேல் ஒரு கணம் வைத்து அழுத்தினார். மயிர் கருகும் நாற்றத்தோடு மஞ்சள் புகை குபீரென்று கிளம்பியது. குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. குளம்பின் அந்தப் புறப்பகுதிக்கு உணர்ச்சி கிடையாது. லாடத்தை எடுத்ததும் குளம்பில் எங்கே கருமை படிந்திருக்கிறது, எங்கே வெள்ளையாக விட்டுப் போயிருக்கிறது என்று பார்த்தார். கருகிய இடம் லாடம் ஒட்டிய இடம். வெளுத்த இடத்தில் ஒட்டவில்லை. இரண்டு முறை அரம் போட்ட பிறகு கருவளையம் முழுமையாகப் படிந்தது. பிறகு லாடத்தைத் தண்ணீரில் தோய்த்து ஆற்றி, ஆணி அடிக்கத் தொடங்கினார்.

ஆணி அடிப்பதில் ஒரு விஷயத்தை அவர் கை நிறுத்திக் காட்டினார். லாடத்தின் முன்பாதியிலும் பக்கங்களிலும்தான் ஆணி உண்டு, குதிப்பக்கத்தில் கிடையாது. பாரம் விழும்போது குளம்பின் பின்பகுதி சற்றே அகன்று, பாரம் நீங்கியதும் சுருங்குகிறது. அங்கே ஆணி அறைந்துவிட்டால் அந்த விரிவும் சுருக்கமும் நின்றுபோகும். ஆகவே லாடத்தின் இரு முனைகளும் ஆணியின்றிச் சும்மா இருக்கின்றன. நான் காண வந்த பிடிப்புக்கு இடம் கிடைத்திருப்பது அந்த முனைகளில்தான்.

லாடத்தைக் குளம்பில் அறைவதற்கு முன்பே அந்த வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பெண் ஒரு பின்னங்கால் லாடத்தை யந்திரத்தில் இறுக்கி, முனைக்கு ஓர் அங்குலம் உள்ளே தள்ளித் துளையிட்டாள். பிறகு எண்ணெய் விட்டு, அந்தத் துளைக்குள் கையாலேயே மரை வெட்டினாள். அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே, துகளை ஊதிவிட்டு மறுபடியும் முன்னே. மரையின் அளவு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. அதன் புரி விட்வொர்த் புரி. ஜோசப் விட்வொர்த் என்ற யந்திர நிபுணர் 1841-இல் தேசம் முழுவதற்கும் ஒரே அளவாக வகுத்த அந்தப் புரியை யந்திரசாலைகள் எல்லாம் அநேகமாகக் கைவிட்டு மெட்ரிக் அளவுக்கு மாறிவிட்ட பிறகும், ஆங்கிலேயக் குதிரைகளின் காலடியில் அது இன்னும் ஜீவித்திருக்கிறது! துளையின் மறுபக்கத்தில், அதாவது குளம்பைத் தொடும் பக்கத்தில், எழும்பியிருந்த பிசிறை அவள் வழித்துவிட்டாள். அங்கே அணுவளவு இரும்பு துருத்திக்கொண்டிருந்தாலும் குளம்பை அமுக்கும். திருகும் முளையின் தண்டு லாடத்தின் கனத்துக்கு மேல் நீண்டாலும் அதே கேடுதான். "நொண்டும் குதிரையைக் கொண்டுவந்து காட்டுவார்கள், லாடத்தில் குறையே தெரியாது, முளையைக் கழற்றிப் பார்த்தால் நீளம் கூடுதலாக இருக்கும்" என்றார் லாடக்காரர்.

இந்த முளைகளை அவர்கள் 'ஸ்டட்' என்கிறார்கள். ஒரு தகரப் பெட்டியில் பல ஜாதிகள் இருந்தன. காய்ந்து இறுகிய தரையில் ஊடுருவ ஒல்லியான கூர்முளை. சேற்றில் ஆழ்ந்து பிடிக்கப் பருத்த சதுர முளை. இரண்டுங்கெட்டான் தரைக்கு மொட்டையான குண்டு முளை. தார்ச்சாலையில் நடக்கும் குதிரைக்கு, நடுவில் டங்ஸ்டன் கார்பைடு ஊசி பதித்த, பட்டாணியைவிடச் சற்றே பெரிய சிறு முளை. சவாரி இல்லாத நாளில் துளையில் எண்ணெய்ப் பஞ்சைத் திணித்து வைக்கிறார்கள். இல்லாவிட்டால் மண் புகுந்து, மரை துருப்பிடித்து, தேவைப்படும் காலையில் முளை ஏறாது.

கழற்றி மாட்டும் ஏற்பாடு எதற்கு, லாடத்திலேயே பிடிப்பை அடித்துவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். பல நூற்றாண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். லாடத்தின் முனையை மடக்கிக் கீழ்நோக்கித் திருப்பிவிடுவது பழைய முறை. பனி உறைந்த காலத்தில் அந்த மடிப்பைக் கூராக்க வேண்டும். அதற்கு லாடத்தைப் பிடுங்கி, காய்ச்சி, கூர் தீட்டி, மறுபடியும் அறைய வேண்டும். கற்கள் பாவிய நகரத் தெருவில் அந்தக் கூர் விரைவிலேயே மழுங்கிவிடும். மறுபடியும் பிடுங்கல், மறுபடியும் ஆணித்துளை. ஒரு கடுங்குளிர் காலம் முடிவதற்குள் குளம்பின் விளிம்பு சல்லடைக்கண்ணாகிவிடும். கூர் மழுங்காத நாளிலோ குதிரை லாயத்தில் திரும்பும்போது தன் காலாலேயே தன் மறு காலை மிதித்துக் கிழித்துக்கொள்ளும். 1812-இல் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய பிரெஞ்சு சைன்யத்தில் பனிக்கேற்ற லாடமின்றி விழுந்து மடிந்த குதிரைகளைப் பற்றி, நெப்போலியனின் அசுவசாலை அதிபதியான கொலென்கூர் தம் நினைவுக் குறிப்புகளில் வேதனையோடு எழுதியிருக்கிறார். சக்கரவர்த்தியின் சொந்தக் குதிரைகளுக்கு மட்டும் அவர் முன்யோசனையாகப் பனிலாடம் அடித்து வைத்திருந்தார். பீரங்கியை இழுக்கக் குதிரை இல்லாத சைன்யம் பீரங்கி இல்லாத சைன்யம்தானே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருகுமுளை வழக்கத்துக்கு வந்த பிறகு, லாடத்தைத் தொடாமல் முளையை மட்டும் மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சைன்யத்துக் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் குளிர்காலத்தில் அத்தகைய முளைகள் வழங்கப்பட்டன. வண்டிக் குதிரை மறைந்து, பனித்தெருவின் தேவையும் மறைந்த பின்னர், அதே உபாயம் புல்வெளி விளையாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஓட்டத்தன்று காலையில் முளை மாட்டும் இடத்தில் லாடக்காரருக்கு வேலை இல்லை. அது குதிரைப் பணியாளின் பொறுப்பு. நான் பார்த்த பணிப்பெண் குதிரையின் பின்னங்காலை மடியில் ஏந்திக்கொண்டு, ஒரு லாட ஆணியின் முனையால் பஞ்சைக் குத்தி எடுத்தாள். கைப்பிடி வைத்த மரைவெட்டியைத் துளையில் விட்டு ஒருமுறை சுற்றிச் சுத்தம் செய்தாள். இடையில் குதிரை கொசுவுக்காகக் காலை உதற, சட்டென்று கருவியை உருவிக்கொண்டாள். கருவி துளையில் இருக்கும்போது குதிரை காலை ஊன்றிவிட்டால் அதன் பாரத்தில் மரையும் போகும், விரலும் போகலாம். பிறகு காந்தக் கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்த முளைகளில் ஒன்றை எடுத்துக் கையால் திருகி, ஸ்பேனரால் இறுக்கினாள். வெளிப்பக்கத்து முளை பெரியது, உட்பக்கத்து முளை சிறியது. ஒரு கால் மறு காலை உரசினாலும் காயம் குறைவாக இருக்கட்டும் என்று. உந்தித் தள்ளுபவை பின்னங்கால்கள் ஆகையால் அவற்றுக்கு முன்னங்கால்களைவிடப் பெரிய முளை. எந்த முளை என்பதைத் தீர்மானித்தவர் சவாரிக்காரர். அதற்காக அவர் அதிகாலையில் ஓட்டப்பாதை முழுவதையும் நடந்து, வளைவுதோறும் குதிகாலால் புல்லைக் குத்திப் பார்த்திருந்தார். கடைசியில் குதிரையின் வயிற்றுக்கடியில் அகன்ற தோல் பட்டை ஒன்றைப் பூட்டினார்கள். தாண்டும்போது முன்னங்கால்களை மடக்கும் குதிரை தன் முளையாலேயே தன் மார்பைக் குத்திக்கொள்ளும் என்பதை எண்ணித்தான் அந்தக் கவசம்.

எல்லாவற்றையும் பார்த்த பின் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு தூரம் பிடிப்பு நல்லதென்றால், இருப்பதிலேயே பெரிய முளையை நான்கு காலிலும் மாட்டிவிட்டால் என்ன? லாடக்காரர் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். "குதிரைக்குக் கொஞ்சம் சறுக்கல் வேண்டும்" என்றார். குளம்பு தரையில் பட்டதும் விரற்கடை அளவு முன்னோக்கிச் சறுக்கி நிற்பது இயற்கை; அதிர்ச்சியில் ஒரு பங்கை அந்தச் சறுக்கல் ஏற்றுக்கொள்கிறது. முளை அளவுக்கு மீறிப் பிடித்தால் குளம்பு பட்ட இடத்திலேயே அறைந்து நிற்க, மேலுள்ள உடம்பு முன்னே போக, நடுவிலுள்ள மூட்டும் நரம்பும் முறுக்கேறுகின்றன. கடினமான தரையில் பெரிய முளையோடு நிறுத்தி வைத்தால் குளம்பே சாய்ந்து நிற்கும். ஆகையால், அவர் கட்சி, போதுமான பிடிப்பில் மிகக் குறைந்தது எதுவோ அதையே மாட்ட வேண்டும். ஓட்டம் முடிந்த உடனே, வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே, கழற்றிவிட வேண்டும். மாட்டுவதைவிடக் கழற்றுவதையே அவர் வாடிக்கைக்காரர்களுக்கு அதிகம் வற்புறுத்துகிறாராம். இந்த உபாயத்தின் உயிர் அதன் கூரில் இல்லை, புரியில் இருக்கிறது என்றே எனக்கும் பட்டது.

பனியில் ஓடுவதற்கு முளை மட்டும் போதாது. சுவிட்சர்லாந்தில் சாங்க்ட் மோரிட்ஸ் ஏரி உறைந்த பிறகு, 1907 முதல் பிப்ரவரி மாதங்களில் அதன்மேல் குதிரைப் பந்தயம் நடக்கிறது. அதற்குரிய லாடத்தில் முளையோடு வேறொன்றும் தேவை. லாடத்தின் வளைவுக்குள் பனி அடைத்து உருண்டையாக இறுகிவிட்டால் குதிரை பொய்க்காலில் நிற்பதுபோலத் தடுமாறும். அதைத் தடுக்க ரப்பர்த் தட்டை லாடத்துக்கும் குளம்புக்கும் இடையே வைத்து அறைகிறார்கள். அத்தகைய ரப்பரை அந்தப் பட்டறையிலும் ஒரு மூலையில் கண்டேன். இங்கிலாந்துப் பனிக்கு அது வருஷத்தில் சில நாள்தான் உதவும் என்றார்கள்.

இங்கிலாந்தில் லாடம் அடிப்பது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய காரியம் அல்ல. 1975-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பதிவு பெறாதவர் தம் சொந்தக் குதிரைக்குக்கூட லாடம் அடிக்கக் கூடாது. லண்டன் லாடக்காரர் சங்கம் 1356-இல் தோன்றி, 1674-இல் ராஜ சாசனம் பெற்றது. அதன் பரீட்சைகளில் தேறுவதை இன்றும் பெரிய கௌரவமாகக் கருதுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷப் பயிற்சி பாக்கி. மரை வெட்டுவதில் அலுப்பில்லையா என்றேன். லாடம் அறைந்த பிறகு மரை கெட்டுப்போனால் குதிரையின் காலடியில் குனிந்தபடி அதைச் சரிசெய்வதுதான் அலுப்பு என்று சொல்லிவிட்டு, அடுத்த லாடத்தை யந்திரத்தில் இறுக்கினாள்.

புறப்படுமுன், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தடைதாண்டலில் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியின் மூன்று குதிரைகளில் இரண்டு லாடமே இல்லாமல் வெறுங்காலோடு தாண்டின என்ற செய்தியை நான் மெள்ள எடுத்துப் போட்டேன். அது அவருக்குப் புதிதன்று. "அங்கே மணல் விரித்த மைதானம். அந்த மணலைப் பாட்மின்டன் புல்வெளியில் நான்கு மைலுக்கு விரித்துக் கொடுங்கள், நானும் லாடத்தைக் கழற்றுகிறேன்" என்றார். ஆனாலும், அவருடைய வாடிக்கையிலேயே வெறுங்காலில் நடக்கும் குதிரைகள் பல சேர்ந்துவிட்டனவாம். அவற்றுக்கும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போய்க் குளம்பு சீவிக் கொடுக்கத்தான் வேண்டும். அதற்குக் கிடைக்கும் கூலி லாடக் கூலியில் பாதிகூட இல்லை, முதுகு குனிவது மட்டும் அதே அளவு என்று சொல்லிக்கொண்டே வண்டியின் பின்கதவைச் சாத்தினார்.