படவேடு பிரியும் இடம்

ஆடி மாதத்து நான்காவது வெள்ளி. பொழுது இன்னும் முழுதாக விடியவில்லை. அதற்குள் சந்தவாசலில் சாலை மஞ்சளாகிவிட்டது. வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலை இது. இங்கே மேற்கே திரும்பினால் படவேடு, ரேணுகாம்பாள் கோயில், அதற்கும் பின்னால் ஜவ்வாது மலை. குட்டியானை வண்டியின் முகப்பில் வேப்பிலைக் கொத்து. பின்னால் பதினைந்து பேர், ஒரு ஆடு, கூழ்ப் பானை, எவர்சில்வர் அண்டா. திருப்பத்தில் வண்டி சாய, அண்டாவை ஒரு பாட்டி இரண்டு கையாலும் அணைத்துக்கொள்கிறாள். ஆட்டை யாரும் பிடிக்கவில்லை.

டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தால் சாலை தெரிகிறது, மேல்நிலைத் தொட்டி தெரிகிறது, தொட்டிக்குக் கீழே தெருக்குழாயும் தெரிகிறது. உட்கார்ந்திருப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. கோயிலுக்குப் போகிற ஆள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று விட்டுவிடுகிறார்கள்.

தொட்டிக்குக் கீழே ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். அரைஞாண் கயிற்றில் மோட்டார் அறைச் சாவி. ஊரில் அவரை டேங்க்காரர் என்கிறார்கள். ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, கொஞ்ச நேரம் தெளியவிடுகிறார். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அவரிடம் தராசு இல்லை, ஒரு பழைய டம்ளர் இருக்கிறது. மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அதைத் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறுகிறார். ஏறும்போது கீழே பார்ப்பதில்லை.

இறங்கி வந்ததும் குழாயடியில் ஒருத்தி கேட்கிறாள்: "இன்னாண்ணா, இன்னிக்கி மருந்து வாசன தூக்குது?"

"ஆடிக் கூட்டம்மா. ஊரு ஊரா ஜனம் வருது. கொறச்சிப் போட்டா நாளைக்கி ஒன் புள்ளக்கித்தான் வவுத்தால போவும்."

அவள் குடத்தை நகர்த்திவைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். பக்கத்திலேயே நீல நிறப் பெட்டியோடு இன்னொரு பெண். சின்னக் கண்ணாடிக் குழலில் குழாய்த் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறாள். தண்ணீர் மஞ்சளாகத் திரும்புகிறது; குளோரின் குழாய் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். நோட்டில் எழுதிக்கொள்கிறாள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்கு இந்தச் சோதனையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பெட்டியின் மூடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாள். அதை மூடுகிற பதனத்தைப் பார்த்தால் பெட்டி அவள் சொந்தப் பொருள் என்றே தோன்றும்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த திட்டம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அளவு. 15 லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடத்தில் நாலு குடத்துக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும் தெருக்குழாயடியில் நாலு பேர் ஏன் நிற்கிறார்கள்? மேட்டு வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் இறங்குகிறது. திட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு: ஊருக்குள் போடும் குழாய், தொட்டிச் செலவில் 10 சதவீதத்தை ஊரே தர வேண்டும், பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ. மலையூர்களிலும், பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் 5 சதவீதம். பங்கு போட்டவன் கேள்வி கேட்பான் என்ற நினைப்பில் எழுதிய வரி. நல்ல நினைப்புதான்.

ஊர் கூடி ஏரி தூர்வாருவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. குடிமராமத்து என்று பெயர். அதை வெள்ளைக்காரர் 1858-ல் சட்டமாக்கி, வேலைக்கு வராதவருக்குத் தண்டம் என்றார்கள். சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். யாருடைய உழைப்பு, யாருடைய நிலத்துக்குத் தண்ணீர் என்ற கணக்கை அந்தச் சட்டம் கேட்கவில்லை. அதற்கு முன்னால் மட்டும் எல்லாம் சமமாக நடந்தது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

படவேட்டு அம்மனும் தண்ணீருக்குப் போனவள்தான். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகை தினமும் ஆற்று மண்ணைப் பிசைந்து குடமாக்கி, சுடாத அந்தக் குடத்திலேயே நீர் மொண்டு வருவாள். ஒரு நாள் ஆற்று நீரில் வானத்தில் போன கந்தர்வனின் நிழல். ஒரு கணம் பார்த்தாள். குடம் கூடவில்லை. தலை போயிற்று, வெட்டியது பெற்ற மகன் பரசுராமன். கற்பைச் சொல்ல வந்த கதை என்று முடிப்பார்கள். இந்தக் குழாயடியைப் பார்த்துக்கொண்டு நினைத்தால் வேறொன்று படுகிறது: அந்த ஆசிரமத்தில் தண்ணீர் கொண்டுவர இரண்டாவது ஆளே இல்லை.

முனிவரின் கமண்டலத்தோடு சேர்த்துத்தான் ஆற்றுக்கும் கதை சொல்கிறார்கள். கமண்டல நாகநதி. ஜவ்வாது மலையில் பிறந்து, படவேட்டுக்கு மேலே செண்பகத்தோப்பு அணையில் நின்று, ஆரணி ஊரை ஒட்டிப் போய்ச் செய்யாற்றில் விழுகிறது, செய்யாறு பாலாற்றில். அணையின் உயரம் 62.32 அடி, கொள்ளளவு 287 மில்லியன் கன அடி. பெரிய அணைகளைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு கைப்பிடித் தண்ணீர். படவேட்டு வாழைத் தோப்பும் ஆரணித் தறியும் அந்தக் கைப்பிடியைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. பருவத்தில் ஆறு இரண்டு வாரம் ஓடினால் கரையோரக் கிணறுகளில் தண்ணீர் ஊறும். ஓடாவிட்டால் லாரிதான்.

வெயில் ஏறியதும் மஞ்சள் துணிப்பையோடு ஒரு நெசவாளர் வந்து பெஞ்சில் உட்காருகிறார். பையில் சாயம் ஏறிய பட்டு, ஊடைக்கு. பாவும் ஊடையும் ஆரணி முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வது இவர் பிழைப்பு. பையை மடியில் வைத்திருக்கிறார், கீழே வைக்கவில்லை. ஆரணிப் பட்டு என்று உலகம் கையில் எடுக்கும் சேலைக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சேலை காட்டாது. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் அதன் பசை கரையும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அந்தக் கால் பங்கு சாக்கடையில் இருக்கிறது. பிறகு அலசல், சாயம், மறுபடி அலசல். தண்ணீர் உப்பாக இருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், பளபளப்பு வராது. ஆகவே சாயப்பட்டறைக்கு நல்ல தண்ணீரே வேண்டும். நல்ல தண்ணீரை வாங்கிச் சாயத் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கும் இந்த வியாபாரத்தில் ஆற்றுக்காகப் பேரம் பேச யாரும் உட்காருவதில்லை.

நெசவாளருக்கு இன்றைய கவலை அதுவல்ல. டீ மாஸ்டரிடம் சொல்கிறார்: "போன மழைக்கே குழில தண்ணி ஏறிச்சி. இந்தத் தபா எப்பிடியோ."

குழித்தறி. நெய்கிறவர் தரைக்குக் கீழே காலைத் தொங்கப்போட்டு மிதிகளை மிதிக்கிறார். ஐப்பசியில் மழை பிடித்தால் அந்தக் குழியில் நீர் ஊறும். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டிருந்தால் ஊறுவது மழை நீர் மட்டுமாக இருக்காது. தறி நின்றால் கூலி நிற்கும். சுகாதாரம் என்று சுவரில் எழுதியதைப் படிக்காத ஆள்கூட, சாக்கடைக்கு வாட்டம் சரியில்லை என்றால் பேச வருவது இதனால்தான். ஒரு அங்குல வாட்டத்தில் ஒரு மாதச் சாப்பாடு இருக்கிறது.

டீ மாஸ்டர் தலையாட்டுகிறார். ஒரு செப்டிக் டேங்க் லாரி போளூர் பக்கமாகப் போகிறது; மூக்கைப் பொத்தாதவர் நெசவாளர் ஒருவர்தான், பை அவர் கையில்.

அந்த லாரி எங்கே போய்க் கவிழ்க்கும்? நல்ல சுத்திகரிப்பு நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கே. இல்லாத ஊர்களில் இருட்டும் ஓடையும். 2014 அக்டோபர் 2-ல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கி, வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வந்தபோது சொன்ன வடிவம் வேறு: இரண்டு குழிகள். ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும். நிறைந்தது ஓரிரு வருடம் ஆறினால் மணமில்லாத எரு. கணக்கில் குறையில்லை. ஆனால் அந்த எருவை யார் வெட்டி எடுப்பது என்ற இடத்தில் சாதி வந்து நின்றுகொள்கிறது. நிறையவே நிறையாதபடி ஒரே பெரிய குழியாக வெட்டிவிட்டால் தன் காலத்தில் பிரச்சினை இல்லை என்று பலர் முடிவெடுத்தார்கள். பேரன் காலத்தில் லாரி வரும்.

கட்டுவதற்குக் கூட்டாளிகள் கிடைக்கிறார்கள், திறப்பு விழாவுக்கு அதைவிட அதிகமாகக் கிடைக்கிறார்கள். மறுவாரம் அடைப்பெடுக்க ஆள் தேடினால் ஊர் காலியாக இருக்கும். திருச்சியில் கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் துணையோடு குடிசைப் பகுதிப் பெண்கள் பொதுக் கழிப்பறைகளைத் தாங்களே நடத்தத் தொடங்கியது இந்த இடத்தைத்தான் பிடித்தது. வாசலில் உட்கார்ந்து காசு வாங்கி, அதிலேயே கழுவுகிறவருக்குச் சம்பளமும் கரண்ட் பில்லும் கொடுத்து, மிச்சத்தைக் கணக்கெழுதினார்கள். புதுக் கட்டடத்தைவிட அந்தக் கணக்கு நோட்டு பெரிய விஷயம்.

படவேட்டிலும் ஒரு கூட்டு உண்டு. டிவிஎஸ் நிறுவனத்தின் சமூகப் பணி அமைப்பான சீனிவாசன் சேவை அறக்கட்டளை, 1996-ல் தொடங்கியது, இந்த மலையடிவாரக் கிராமங்களில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது: மகளிர் குழுக்கள், நீர்ப்பிடிப்பு வேலை, தெருச் சாக்கடை, குப்பை பிரித்தல். அரசாங்கத் திட்டத்தையே கொண்டுவந்து சேர்ப்பது, ஊரைக் கூட உழைக்கச் சொல்வது என்பது அவர்கள் முறை. ஒரு கம்பெனி ஊருக்குள் வந்தால் நமக்கு முதலில் வருவது சந்தேகம். வர வேண்டியதும்தான். ஆனால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போகாமல் ஆண்டுக்கணக்காக நிற்கிறவர்களை அந்த ஒரே தராசில் நிறுக்க முடியவில்லை.

பகல் பன்னிரண்டுக்கு மேல் கூட்டம் திரும்பத் தொடங்குகிறது. நெற்றியில் மண், கையில் எலுமிச்சை, மொட்டைத் தலையில் சந்தனம். சாலையோரம் முழுக்கத் தண்ணீர் பாக்கெட் உறைகள், பாக்கு மட்டைத் தட்டுகள், பாதி குடித்த பாட்டில்கள். பச்சை மேலங்கி போட்ட இரண்டு தூய்மைக் காவலர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஒரு குடும்பம் சாப்பிட்டுக் கை கழுவிய தண்ணீரை அவர்கள் காலருகே ஊற்றிவிட்டு வண்டி ஏறுகிறது. மூத்தவள் ஒதுங்கி நிற்கிறாள், திட்டவில்லை. உறைகளைத் தனிச் சாக்கில் போடுகிறாள். சாக்கடை வாயில் சிக்கியிருந்த அடைப்பை ஒரு குச்சியால் இழுத்து வெளியே எடுக்கிறாள். பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் நகர்கிறது.

குழாயடியில் நிழல் வந்துவிட்டது. நீலப் பெட்டிக்காரி, டேங்க்காரர், நெசவாளர் வீட்டம்மா, தூய்மைக் காவலர் இருவர், எல்லோரும் அங்கே. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு இன்னும் சில நாள்தான். தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. தண்ணீருக்கென்றே ஒன்று, மார்ச் 22.

"சாக்கடைய தெருக்கோடியோட நிறுத்திட்டாங்க, அத்த ஓட வரைக்கும் இழுக்கணும்னு சொல்லுக்கா," என்கிறாள் நீலப் பெட்டிக்காரி, நெசவாளர் வீட்டம்மாவிடம்.

"சொல்றேன். போன தடவயும் சொன்னேனே."

"சொன்னா காத்தோட போவும். தீர்மான நோட்டுல எழுதச் சொல்லு. எழுதினத படிச்சிக் காட்டச் சொல்லு, அப்பறம் கையெழுத்துப் போடு."

"எழுதிட்டா மட்டும் சாக்கட ஓடிடுமா?" என்கிறார் டேங்க்காரர்.

மூத்த தூய்மைக் காவலர் குடத்தைச் சாய்த்துக் கையைக் கழுவிக்கொண்டே சொல்கிறாள்: "எழுதலன்னா வேற மாரி ஆவும்ணா. அடுத்த வருசம் கேட்டா, அப்பிடி ஒரு சாக்கடையே நம்ம ஊர்ல இல்லன்னுடுவாங்க. நீ வந்து மொத கையெழுத்துப் போடு."