ஒடிச்சேன் மாமா, ஒடியல

ரிமோட் காரில் ஸ்டியரிங் மக்கர் பண்ணினா நம்மாளுங்க முதல்ல செய்யறது ஒண்ணே ஒண்ணுதான். ரிமோட்டில் இருக்கற குட்டி டிரிம் திருகைப் பிடிச்சு, கார் நேரா ஓடற வரைக்கும் திருகறது. நேரா ஓடிடுச்சா? பிரச்சினை தீர்ந்தது, டீ சாப்பிடப் போகலாம். ஆபீஸில் எர்ரர் மெசேஜை மட்டும் மறைச்சுட்டு டிக்கெட்டை மூடறவங்களைப் பார்த்திருப்பீங்களே, அதே வம்சம்.

டிரிம் தப்பான சாமான் இல்லை மக்களே. அரைக்கால் டிகிரி இப்படி அப்படி இருக்கறதைச் சரி பண்ண வெச்சிருக்கறது அது. ஆனா டிரிம் ஓரத்துக்குப் போய் நிக்குதுன்னா, உள்ளே எதையோ மூடி மறைக்குதுன்னு அர்த்தம். எங்க தவளக்குப்பத்தில் அது ஒரு ஒன்பது வயசுப் பையன் மேல பழியாவே விழுந்துடுச்சு. அந்தக் கதைதான் இது.

கார் அக்கா பையனோடது. பத்துக்கு ஒண்ணு அளவு, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், முன்சக்கரத்தைத் திருப்ப தனியா ஒரு சர்வோ. அக்கா வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கார், போன லீவுக்கு வந்தப்ப வாங்கிக் கொடுத்தது. ரெண்டு மாசத்தில் சர்வோ போயிடுச்சு. ஒரு கடையில் கொடுத்து மாத்தினாங்க (எந்தக் கடைன்னு கேட்காதீங்க). வந்த மறுநாளே கார் காம்பவுண்ட் சுவரில் மோதிச்சு. அதிலிருந்து ஸ்டியரிங் சரியில்லை. "சுவத்துல கொண்டுபோய் இடிச்சு ஒடைச்சிட்டான், அவங்கப்பா வாங்கிக் கொடுத்ததுன்னு ஒரு பயம் இருக்கா பாரு"ன்னு அக்கா ஒரே புலம்பல். வாண்டு கட்டிலுக்கு அடியில் காரைத் தள்ளிட்டு, அப்பா போன் பண்ணும்போதெல்லாம் "நல்லா ஓடுதுப்பா"ன்னு சொல்லிட்டு இருந்திருக்கான்.

சரி, மேட்டருக்கு வருவோம். எந்த ரிப்பேருக்கும் முதல் வேலை புகாரைச் சரியா எழுதி வாங்கறது. உட்கார வெச்சுக் கேட்டேன். மூணு புகார் சொன்னான்:

1. கையை எடுத்தா லேசா வலது பக்கம் இழுக்குது.
2. இடது பக்கம் பாதிதான் திரும்புது.
3. வலது பக்கம் முழுசா ஒடிச்சு ஆக்சிலேட்டர் கொடுத்தா 'கீ'ன்னு கத்துது, சக்கரம் துடிக்குது, சில சமயம் கார் ஒரு நொடி செத்துப் பிழைக்குது.

கடைசியா ஒண்ணு முணுமுணுத்தான். "சுவத்துகிட்ட நான் லெஃப்ட்லதான் ஒடிச்சேன் மாமா. அது ஒடியல."

இந்த நாலாவது வரியை வீட்டில் யாருமே காதில் வாங்கலை.

சர்வோன்னா என்னன்னு ரெண்டு வரி. உள்ளே ஒரு குட்டி மோட்டார், பல்சக்கரங்கள், தண்டு எந்தக் கோணத்தில் நிக்குதுன்னு சொல்ல ஒரு பொட்டென்ஷியோமீட்டர், ரெண்டையும் ஒப்பிட ஒரு சர்க்யூட். ரிசீவர் சுமார் 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை ஒரு துடிப்பு அனுப்பும். அது 1.5 மில்லி செகண்ட் நீளம்னா நடுவில் நில். 1-க்குப் போனா ஒரு ஓரம், 2-க்குப் போனா இன்னொரு ஓரம். பொதுவா நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் 45 டிகிரி சுமாருக்குத் திரும்பும். அவ்வளவுதான். சொன்ன இடத்துக்குப் போய் நிக்கும், தள்ளினா எதிர்த்து நிக்கும்.

இப்ப சோதனை. மோட்டார் வயரைக் கழட்டியாச்சு (மேசையிலிருந்து கார் குதிக்காம இருக்க). ஒரு புத்தகத்தை அடியில் வெச்சு முன்சக்கரம் தரையில் படாம தூக்கியாச்சு. நம்ம தொழில் ரகசியம்தான்: நடுவில் வெட்டு, தப்பு எந்தப் பாதியில்னு பாரு. சர்வோவையும் சக்கரத்தையும் இணைக்கற கம்பியைக் கழட்டிட்டா கார் ரெண்டு பாதி.

முதல் பாதி, சக்கரப் பக்கம். விரலால் தள்ளினா ரெண்டு பக்கமும் வெண்ணெய் மாதிரி போகுது. மண் அடைப்பு இல்லை, மூட்டில் பிடிப்பு இல்லை. கம்பி வளைஞ்சிருக்கான்னு பார்க்க சுலப வழி, கண்ணாடி மேல் உருட்டறது. வளைஞ்சிருந்தா தத்தித் தத்தி உருளும். இது ஒழுங்கா உருண்டுச்சு. இடது வலது கம்பிகளும் ஒரே நீளம். சுவரில் மோதி உடைஞ்சிருந்தா இங்கேதான் தெரிஞ்சிருக்கணும். மோதும்போது சர்வோவின் பல் போகாம இருக்க சர்வோ சேவர்னு ஒரு ஸ்பிரிங் அமைப்பு உண்டு. அதுவும் முழுசா இருக்கு.

இடையில் வாண்டு ஒரு கேள்வி கேட்டான். "திருப்பும்போது ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி திரும்பல மாமா, இதுதான் தப்பா?" இல்லடா, அது தப்பு இல்லை, புத்திசாலித்தனம். வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுது, வெளிப்பக்கம் பெரிய வட்டம். அதனால் உள்சக்கரம் கூடுதலா திரும்பணும். இதுக்குப் பேர் ஆக்கர்மன் ஸ்டியரிங். ஆனா குதிரை வண்டிக்காக இதைக் கண்டுபிடிச்சவர் ஜெர்மனியில் வண்டி கட்டின கியோர்க் லாங்கென்ஷ்பெர்கர், 1817-இல். அவருக்காக 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்த ருடால்ஃப் ஆக்கர்மன் பேர்தான் நிலைச்சுது. செஞ்சவன் ஒருத்தன், பேர் இன்னொருத்தனுக்கு. பழியும் அப்படித்தான் சில சமயம்.

ரெண்டாவது பாதி, சர்வோ பக்கம். ரிமோட்டைப் பார்த்தா டிரிம் இடது கோடியில் நிக்குது. "நீ திருகினியா?"ன்னேன். "இல்ல மாமா, கடைக்கார அண்ணன் வெச்சாரு. இத தொடவே கூடாதுன்னு சொன்னாரு." டிரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து ஆன் பண்ணினேன். சர்வோவின் ஹார்ன் (ஊதற ஹார்ன் இல்லை, தண்டில் மாட்டற கை) நேரா நிக்கணும். வலது பக்கம் சாஞ்சு நின்னுச்சு. புது சர்வோவை மின்சாரம் கொடுத்து நடுவுக்குக் கொண்டுவராமலேயே ஹார்னை மாட்டியிருக்காங்க. ஒரு பல் தள்ளி உட்கார்ந்துடுச்சு.

ஒரு பல்தானேன்னு நினைக்காதீங்க. தண்டில் இருக்கற பற்கள் ஃபுட்டாபா வகைன்னா 25, ஹைடெக் வகைன்னா 24, ஜேஆர் வகைன்னா 23. இது 25. 360-ஐ 25-ஆல் வகுத்தா ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி!

இப்ப மூணு புகாரையும் இதை வெச்சுப் பாருங்க. ஹார்ன் 14 டிகிரி வலது. சமாளிக்க டிரிம்மைக் கடைசி வரைக்கும் இடது. அப்பவும் முழுசா ஈடாகலை, அதான் லேசான வலது இழுப்பு. இந்த ரிமோட்டில் ஓர எல்லை நிலையானது, டிரிம்மோடு சேர்ந்து நகராது. அதனால் இடது பக்கம் மிச்சம் 45-இல் 14 போக 31 டிகிரிதான். வலது பக்கம் 59. சக்கரமோ அவ்வளவு திரும்பாது, சேசிஸில் முட்டி நிக்கும். சர்வோ விடாம மல்லுக்கட்டும், அதான் 'கீ' சத்தம். முட்டி நிக்கற மோட்டார் கரண்டைக் குடிக்கும். அதே நேரம் ஆக்சிலேட்டரும் கொடுத்தா பேட்டரி வோல்டேஜ் சடார்னு இறங்கி ரிசீவர் ஒரு நொடி மயங்கி எழும். துடிப்பு, செத்துப் பிழைக்கறது எல்லாம் அதுதான்.

மூணு புகார், ஒரே பல்.

அப்புறம் அந்த நாலாவது வரி. கார் சுவரில் மோதினதால திரும்பாம போகலை. இடது பக்கம் திரும்பாததாலதான் சுவரில் மோதிச்சு. காரணத்தையும் விளைவையும் தலைகீழா பிடிச்சுக்கிட்டு ஒரு மாசம் அவனைத் திட்டியிருக்காங்க. நேர்ல பார்த்த ஒரே சாட்சி அவன், சொல்லவும் சொல்லியிருக்கான். ஆபீஸிலும் இதே கதைதான். "யூசர் தப்பா பயன்படுத்தியிருப்பாரு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த யூசர் எழுதினதைக் கடைசி வரி வரைக்கும் படிக்கறவங்க எத்தனை பேர்?

சரி பண்ண பத்து நிமிஷம். சர்வோவை ஆன் பண்ணி, டிரிம் நடுவில், ஹார்னைக் கழட்டி ஒரு பல் தள்ளி மாட்டி, நடு ஸ்க்ரூவை முறுக்கினோம். ஸ்க்ரூவை முறுக்கினது வாண்டு. பேட்டரி ப்ளக் முனையில் பச்சை பூத்திருந்ததையும் சுரண்டிச் சுத்தம் பண்ணினோம். மெயின் ரோட்டில் கடலூர் பஸ்ஸுங்க பறக்கற பறப்பில் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. மொட்டை மாடியில் ஓட்டிப் பார்த்தோம். இடமும் வலமும் ஒரே அளவு வட்டம், சத்தமில்லை, துடிப்பில்லை.

அக்காகிட்ட அவனையே விளக்கச் சொன்னேன். 14.4 வரைக்கும் சொன்னான். அக்கா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் "அன்னிக்கே இத சொன்னான்டா என்கிட்ட"ன்னாங்க. அவனுக்கு அது போதும்னு நினைக்கறேன். வெள்ளிக்கிழமை அவங்கப்பா வாட்ஸப்பில் கூப்பிட்டப்ப "நல்லா ஓடுதுப்பா" கிடையாது. சர்வோ செத்தது, கடையில் மாத்தினது, சுவர், ஒரு பல் எல்லாம் அரை மணி நேரம் ஓடிச்சு. காரை ஓட்டிக் காட்டினது கடைசி ரெண்டு நிமிஷம்தான்.

கொசுறு: கார் வெச்சிருக்கறவங்களுக்கு. ஆன் பண்ணும்போது முதல்ல ரிமோட், அப்புறம் கார். ஆஃப் பண்ணும்போது முதல்ல கார். ஹார்ன் மாட்டியிருக்கும்போது சக்கரத்தைக் கையால் வலுக்கட்டாயமா திருப்பாதீங்க, சர்வோ பல் உதிரும். எங்களை மாதிரி நல்லவாடு கடற்காத்து அடிக்கற ஊர்க்காரங்க மாசத்துக்கு ஒரு தடவை ப்ளக் முனையைப் பாருங்க, உப்பு சத்தமில்லாம வேலை பார்க்கும். டிரிம்மை எல்லாத்துக்கும் கடைசியா தொடுங்க. அதுக்கு முன்னாடி, ஓட்டினவங்ககிட்ட என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேளுங்க.