சர்வீஸ் காசும் லயக் காம்பராவும்

வங்கியில் ஈடு வைத்த வீட்டை ஏலத்தில் இழந்தவர்களை ஹட்டன் டவுனில் எனக்குத் தெரியும். அவர்கள் பட்டது பெரும் துயரம். ஆனாலும் அவர்கள் பெயரில் ஓர் உறுதிப் பத்திரம் இருந்தது. அதனால்தான் ஈடு வைக்கவே முடிந்தது. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் இழந்த வீட்டுக்கு அப்படி ஒரு தாளும் இருந்ததில்லை. என் பாட்டனார் காலத்திலிருந்து குடியிருந்த லயக் காம்பரா, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று. கூரைத் தகரம் அப்பா மாற்றியது, பின்பக்கத்துக் குசினி அம்மா சீட்டுக் காசில் கட்டியது. தோட்டத்துப் புத்தகத்தில் இவை எதுவும் ஏறவில்லை. வேலைக்காகக் கொடுத்த வீடு வேலையோடு போகும், அவ்வளவுதான்.

அம்மா ஓய்வு பெற்றதும் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவில், பெயருள்ளவர் எங்கள் வீட்டில் எவருமில்லை. அப்பா காலமாகிவிட்டார். அண்ணன் கொழும்பில் கடையொன்றில் வேலை, நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஒருநாள் தோட்டத்து ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று போன அம்மா, திரும்பி வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தார். "காம்பராவக் குடுத்தாத்தான் சர்வீஸ் காசு கைக்கு வருமாம் தம்பி. கையெழுத்து கேக்குறாங்க."

எத்தனையோ பேர் இந்த இடத்தில் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவருக்கு அந்தக் காசு மகளின் கல்யாணமாகவோ மருந்துச் செலவாகவோ எப்போதோ ஆகியிருக்கும். வீட்டையும் காசையும் ஒரே முடிச்சில் போட்டால் எந்தப் பக்கம் இழுத்தாலும் தொழிலாளிக்குத்தான் வலி.

அந்த முடிச்சு சட்டத்தில் இல்லை என்பதைத் தொழில் திணைக்களத்துக்குப் போனபோதுதான் கற்றேன். நாங்கள் சர்வீஸ் காசு என்பதுதான் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடமாவது வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் முறைப்பாடு செய்யலாம். அங்கே கேட்டது சேவைக்காலத்துக்கான அத்தாட்சி. அம்மா பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ரப்பர் பட்டி போட்ட சம்பளத் துண்டுகள், சேமலாப நிதியின் பி காட். ஒவ்வொரு துண்டிலும் போட்ட பேர், அதாவது வேலை நாள் கணக்கு, அதற்குக் கீழே கழிவுகள்: முற்பணம், சங்கச் சந்தா, கோயில், தேயிலைத்தூள். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மா, எந்த மாதத் துண்டு எது என்று தாளின் நிறத்தை வைத்துச் சொன்னார். சர்வீஸ் காசு தாமதமாகத்தான் வந்தது. ஆனால் காம்பராவுக்காக எந்தக் கையெழுத்தும் வைக்காமல் வந்தது.

காம்பரா விஷயத்தில் அப்படி வெல்ல முடியவில்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டக் காணி அரசுக்குப் போனது. 1992இல் நிர்வாகம் கம்பனிகள் கைக்கு மாறியபோதும் காணி அரசுடையதாகவே இருந்தது. ஆகவே 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தில் எங்களுக்கு வெளியேறும் அறிவித்தல் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில். குறைந்தது 30 நாள் தவணை கொடுத்த பிறகு அவர்கள் நீதவானிடம் போகலாம். அங்கே நாங்கள் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று, அரசு தந்த செல்லுபடியான அனுமதிப் பத்திரம் அல்லது எழுத்து மூல அதிகாரம். மூன்று தலைமுறை வாழ்ந்தோம் என்பது அங்கே எடுபடாது என்று வக்கீல் சொன்னார். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சனத்திடம் தாள் கேட்கிறார்கள்.

என்றாலும் நீதவானின் கட்டளை இல்லாமல் யாரும் வந்து சாமானைத் தூக்கி வெளியே வைக்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டதே எங்களுக்குக் கால் ஊன்ற இடம் தந்தது. என் மகளின் சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கினேன். தோட்டத் தலைவரும் கூட வந்து பேசினார். அவகாசம் கிடைத்தது. பரீட்சை முடிந்து ஹட்டனில் வாடகை வீட்டுக்குப் போனோம்.

அம்மாவுக்கு அது பெரிய அடி. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருமினால் கேட்கும். டவுனில் அடுத்த வீட்டில் சாவு விழுந்ததையும் மறுநாள்தான் அறிந்தோம். முதல் மாதங்களில் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டு நேரத்துக்கே எழுந்து உடுத்தி உட்கார்ந்திருப்பார். மரக்கறிப் பாத்தி இல்லாததைத்தான் அதிகம் பேசினார். கிராம சேவகர் அத்தாட்சி, வாக்காளர் பதிவு, கடிதம் வரும் முகவரி எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் இருந்தவரை எங்கள் கடிதங்களும் ஆபீஸ் வழியாகத்தான் வந்தன.

காணிக்காக உயிரே போயிருக்கிறது. 1977 மே மாதம் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அந்தக் காணிகளில் உழைத்தவர்களின் பிள்ளைகளில் பலருக்கு இன்னும் உறுதி இல்லை. காணியும் தனிவீடும் என்று பேச்சு வரும்போதெல்லாம் இப்போது தோட்டத்தில் பெயருள்ளவர்களைத்தான் முதலில் எண்ணுகிறார்கள். உழைத்து ஓய்ந்தவர்கள் எந்தப் பட்டியலில்? அம்மாவின் பெயரில் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், சம்பளத் துண்டுகளின் பிரதிகளோடு. பழைய தோட்டத்திலிருந்து அறிவித்தலோடு வருகிறவர்களுக்கும் அப்படியே எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, கடிதத்தில் என்ன திகதி போட்டிருக்கிறது, எதிலாவது கையெழுத்து வைத்துவிட்டீர்களா என்பதைத்தான்.