தொப்பி எங்கடா?

நான் வீட்டிலேயே ஒரு சப்-ஊஃபர் செய்து அதைக் கம்ப்யூட்டரில் இணைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். "பெரிய சவுண்டு வைக்கவா?" என்று கேட்காதீர்கள். கதையே வேறு!

என் தாத்தா தவில் வித்வான். தவிலுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வலது பக்கம் வலந்தலை. விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள். இடது பக்கம் தொப்பி. அதைக் கழியால் அடிப்பார்கள். கும்மென்று வருவது அந்தத் தொப்பிச் சத்தம்தான். நான்கு வருடங்களுக்கு முன்பு தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தவில் உறை போட்டு மூலையில் இருக்கிறது.

பரணில் ஒரு கேசட் கிடைத்தது. 1998-இல் ஒரு கோயில் திருவிழாவில் தாத்தா வாசித்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்து எம்.பி.3 ஆக்கி வந்தேன். அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. அதில் போட்டுக் காட்டினேன். தாத்தா ஐந்து நிமிஷம் கேட்டார். முகம் மலரவே இல்லை.

"வலந்தலை மட்டும் டக்கு டக்குன்னு கேக்குது. தொப்பி எங்கடா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கை போனது போதாது என்று பாட்டிலும் அந்தக் கை போய்விட்டதே!

மறுநாள் இயற்பியல் சாரிடம் கேட்டேன். "சத்தம் ஃபைல்ல இருக்கும்டா. லேப்டாப் ஸ்பீக்கர் ரொம்பச் சின்னது. தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காத்தைத் தள்ளணும், அதுக்கு அகலமான கூம்பு வேணும்" என்றார். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர் என்று கணக்குப் போட்டும் காட்டினார். நம் வகுப்பறை நீளம்!

பழைய சாமான் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு 6 அங்குல, 4 ஓம் ஊஃபர் கிடைத்தது. அதன் ஒயரை நேராக லேப்டாப் பின்னில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சார் தடுத்தார். அந்த ஓட்டை ஹெட்ஃபோனுக்கானது, 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்ட அதற்குச் சக்தி கிடையாது, நடுவில் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றார். எனவே டி.டி.ஏ. 2030 ஐசி போட்ட ஒரு போர்டும், 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கினேன். 230 வோல்ட் வரும் பக்கத்தை மட்டும் அப்பா பக்கத்தில் நின்று, ஃபியூஸ் போட்டு, மெயினை அணைத்துவிட்டு இணைக்க வைத்தார்.

அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "டேய், டி.என்.பி.எஸ்.சி. நோட்ஸ் எல்லாம் இதுலதான் இருக்கு. இது போச்சுன்னா இன்னொண்ணு யாரு வாங்கித் தருவா?" என்றாள். நியாயம்தானே? சாரும், "முதல்ல வேற எதுலயாவது சோதிச்சுப் பாரு" என்றார். வேண்டாவெறுப்பாக அப்பாவின் பழைய ஃபோனில் சொருகினேன். ஆன் செய்ததும் 'டப்' என்றது. அவ்வளவுதான். அந்த ஃபோனில் ஹெட்ஃபோன் ஓட்டை இன்றுவரை வேலை செய்யவில்லை. உள்ளே போகும் ஒயரும் வெளியே வரும் ஒயரும் இரண்டுமே கறுப்பு. நான் மாற்றிக் கொடுத்திருந்தேன்! அது அக்காவின் லேப்டாப்பாக இருந்திருந்தால்? நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. உடனே சிவப்பு டேப், பச்சை டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன்.

அடுத்து லெஃப்ட், ரைட் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். நேராக முறுக்கினால் ஒன்றோடொன்று மோதும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்துச் சேர்த்தோம். சேர்ந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 0.22 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். கணக்குப்படி சுமார் 145 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி படிப்படியாகக் குறையும், கீழே உள்ளது போகும்.

ஊஃபரை மேசையில் வைத்துப் போட்டேன். கும் வரவில்லை! கூம்பின் முன்னால் வரும் அலையைப் பின்னால் வரும் அலை தின்றுவிடுகிறதாம். பழைய கட்டில் பலகையை அறுத்துப் பெட்டி செய்தேன். இடுக்கில் ஃபெவிகாலும் மரத்தூளும் பிசைந்து அடைத்தேன். கும் வந்தது. கூடவே 'உம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல். "என்னடா, வீட்டுக்குள்ள மாவு மில்லு ஓடுது?" என்றார் அம்மா. கரண்டின் 50 ஹெர்ட்ஸ்தான் அது. பின்னிலிருந்து வரும் ஒயர் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் போயிருந்தது. வலை சுற்றிய ஷீல்டு ஒயர் போட்டு, தள்ளி வைத்ததும் அடங்கியது.

கடைசியாக லேப்டாப்பில் சொருகினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஊஃபர் பாடியது, ஆனால் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது! பின் சொருகினால் அது தானாக அணைந்துவிடும். இரண்டாகப் பிரியும் ஒரு பின் வாங்கி, ஒன்றில் சின்ன ஸ்பீக்கர், இன்னொன்றில் என் பெட்டி. முடிந்தது வேலை.

தாத்தாவைக் கட்டிலோடு கூடத்துக்கு இழுத்து வந்தோம். கேசட்டைப் போட்டேன். தொப்பி விழுந்தது. பெட்டிமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. தாத்தா வலது கையை நீட்டிப் பெட்டிமேல் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தனி ஆவர்த்தனம் முடியும் வரை அப்படியே இருந்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"கடைசிக் கோர்வையில இடது கை ஒரு இம்மி பிந்துதுடா" என்றார். "அன்னிக்கு ஊர்ல ஒருத்தனும் கண்டுபிடிக்கல. இத்தனை வருஷம் கழிச்சு நீ காட்டிக் குடுத்துட்டியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான்கு வருஷத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு, "மறுபடி போடு" என்றார்.

நண்பர்களே, நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் கரண்ட் பக்கத்தைப் பெரியவர்கள் இல்லாமல் தொடாதீர்கள். ஒயருக்கு நிறம் வையுங்கள். முக்கியமாக, அடுத்தவர் பொருளில் முதல் சோதனை செய்யாதீர்கள்!



- மாணவன், பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு