பட்சி தீர்த்தத்தில் ஓர் உச்சிவேளை

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் உள்ள திருக்கழுக்குன்றத்தைப் பட்சி தீர்த்தம் என்றும் நம் முன்னோர் அழைத்தனர். வேதமே மலையாகி நிற்க, அதன் உச்சியில் வேதகிரீசுவரர் எழுந்தருளியுள்ளார் என்பது தலபுராணம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது தந்தையாருடன் முதன்முறையாக அம்மலை ஏறினேன். 500க்கும் மேற்பட்ட அந்தப் படிகள் அன்று ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. உச்சிவேளையில் ஒரு பெரியவர் சர்க்கரைப் பொங்கலுடன் பாறைமீது அமர்ந்திருந்தார். கூட்டம் பேச்சற்று வானத்தையே பார்த்தது. வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட இரு பறவைகள் வந்திறங்கி, அவர் அருகிலேயே அமுதுண்டு பறந்தன. "காசியில் நீராடி, இங்கே உண்டு, இராமேசுவரம் போகின்றன" என்றார் தந்தையார். சாபம் பெற்ற முனிவர்கள் யுகத்துக்கு இருவராகக் கழுகு வடிவில் வந்து வழிபடுவதாக ஐதிகம்.

அப்பறவையின் பெயர் மஞ்சள்முகப் பாறு. இறந்த விலங்குகளை உண்டு ஊரைத் தூய்மை செய்யும் இனம். நெடும்பயணம் அதற்குப் புதிதன்று. ஐரோப்பாவில் கூடு கட்டுபவை குளிர்காலத்தில் சஹாராவைக் கடந்து ஆப்பிரிக்கா செல்கின்றன. மத்திய ஆசியாவில் பிறந்தவற்றுள் சில நமது இராஜஸ்தான் வரை வருகின்றன. தென்னாட்டில் வாழ்பவை பெரும்பாலும் ஆண்டு முழுவதும் இங்கேயே தங்குபவை. ஆயினும் காசி யாத்திரைக் கதையை நான் வெறும் கற்பனை என்று தள்ளத் துணியேன்.

1990களின் இறுதிக்குப் பின் அந்த இணை மலைக்கு வரவில்லை. கலி முற்றிவிட்டது என்பார் சிலர். அவ்விரண்டுக்கும் நேர்ந்ததை எவரும் கண்டதில்லை. ஆனால் அதே காலத்தில் பாரதமெங்கும் பாறு இனங்கள் மளமளவென மடிந்தன. மாடுகளின் வலிக்கும் காய்ச்சலுக்கும் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் ஊசிமருந்தே பெருங்காரணம் என்று 2004இல் தெரியவந்தது. ஊசி போட்ட மாடு சில நாளில் இறந்தால், அதை உண்ட பறவையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். வழக்கமாக ஒன்றிரண்டு முட்டைகளே இடும் இனத்தால் இத்தகைய இழப்பை எப்படி ஈடு செய்ய முடியும்? 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. 2007இல் மஞ்சள்முகப் பாறு உலக அளவில் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. தொண்ணூறுகளில் கிராமக் கிளையொன்றில் கறவை மாட்டுக் கடன்களுக்குக் கையொப்பமிட்டவன் நான். "ஒரே ஊசி, மாடு எழுந்து நின்றுவிட்டது சார்" என்று கடன்தாரர்கள் சொல்லும்போது, தவணை தவறாது என்று மகிழ்ந்திருக்கிறேன். அது எந்த ஊசி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சென்ற தை மாதம் மனைவியுடன் மீண்டும் மலையேறினேன். சுவாமி தரிசனம் முடிந்தபின், முழங்கால் வலியைச் சாக்கிட்டு உச்சிவேளை வரை அங்கேயே அமர்ந்திருந்தேன். வெகு உயரத்தில் ஒரு பறவை வட்டமிட்டது. அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் "வந்துவிட்டார்கள்" என்று கைகூப்பினார். அது சாதாரணப் பருந்து. அதை அவரிடம் சொல்ல மனம் வராமல், நானும் எழுந்து கைகூப்பினேன்.